நொடிக்கு ஐந்து படம்

அக்டோபர் 6, திங்கள்

கேமராக்களைப் பொருத்திவிட்டார்கள். வாசலில் ஒன்று. முன்னறையில் என் மனைவி சலோமியின் கட்டிலைப் பார்த்தபடி ஒன்று. பொருத்த வந்தவர் பெயர் கொம்பையா. ஏணியைக் கட்டிலை ஒட்டியே விரித்துவிட்டார். திருகு ஏதாவது அவள் முகத்தில் விழுந்துவிடுமோ என்று வேலை முடியும்வரை தலைமாட்டில் கைகளை ஏந்திக்கொண்டு நின்றேன். ஒன்றும் விழவில்லை. விழுந்திருந்தால் நான் பிடித்திருப்பேனா என்பது வேறு விஷயம்.

"மக புனேல இருந்துக்கிட்டே ஒங்க வீட்ல இன்னிக்கி என்ன கொழம்புன்னு பாத்துரலாம் சார்" என்றார் கொம்பையா.

காலையில் சலோமியைக் குளிப்பாட்டி உடை மாற்ற வரும் இசக்கியம்மாள் பக்கத்தில்தான் நின்றாள். "கொழம்பு வச்சால்லா பாக்கதுக்கு. இங்க மூணு நேரமும் கஞ்சிதான்" என்றாள்.

கொம்பையா இறங்கி, கருவியின் கடவுச்சொல்லை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். "இத மொதல்ல மாத்திருங்க சார். இல்லன்னா ஊர்ல இருக்கவன் பூரா ஒங்க வீட்டப் பாத்துக்கிட்டு இருப்பான்." அவர் போனதும் மாற்றிவிட்டேன். பிறகு சரியாகத்தான் மாற்றினேனா என்று மறுபடியும் உள்ளே போய்ப் பார்த்தேன்.

இது மகள் பியூலாவின் ஏற்பாடு. சலோமிக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகிறது. வலது கையும் காலும் அசைவதில்லை. பேச்சில் சில சொற்கள் மட்டும் மிச்சம்: தண்ணி, போதும், என் பெயர். இதுவரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் வெந்நீர்ப் பாத்திரம் என் கையிலிருந்து நழுவியது. அவள் மேல் படவில்லை, தரையில்தான் கொட்டியது. ஆனால் இசக்கியம்மாள் அதை மகளிடம் சொல்லிவிட்டாள்.

பியூலா கோபப்படவில்லை. "கிறிஸ்மஸ் வரைக்கும் நான் இங்க இருந்து கேமராவுல பாக்கேன்ப்பா. நீங்க சமாளிச்சா அப்படியே இருக்கட்டும். முடியலன்னா அம்மாவ நாகர்கோவில் பக்கம் சிஸ்டர்ஸ் நடத்துற இல்லத்துல சேத்திரலாம். நீங்க எங்ககூட வந்துருங்க" என்றாள். அந்த இல்லத்தில் பெண்களை மட்டுமே சேர்ப்பார்கள். அதை அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

நான் சரி என்றேன். பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வேன்.

அக்டோபர் 8, புதன்

பியூலாவுக்குப் படம் உறைந்து உறைந்து போகிறதாம். "ஒரு நிமிஷம் அம்மா கண்ணு மூடியே இருக்கு, பயமாப் போயிருது. நீங்க ஃபிசிக்ஸ் புரொஃபஸர்தானே, செட்டிங்ஸ்ல போய்ப் பாருங்களேன்" என்றாள்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன் என்பது உண்மை. ஆனால் அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை. கணினியில் கேமராவின் பக்கத்தைத் திறந்தேன். ஒரே கேமரா இரண்டு ஓட்டங்களாகப் படத்தை அனுப்புகிறது. மெயின் ஸ்ட்ரீம் என்பது தெளிவானது. அது கேமராவுக்குள் இருக்கும் நினைவக அட்டையில் பதிவாகிறது. சப் ஸ்ட்ரீம் என்பது தரம் குறைந்தது; அதுதான் கைபேசிக்குப் போகிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்று அமைப்புகள்: படத்தின் அளவு, நொடிக்கு எவ்வளவு தகவல் அனுப்புவது, நொடிக்கு எத்தனை படம் எடுப்பது. கடைசியில் சொன்னது இருபத்தைந்தில் இருந்தது.

ஆய்வகத்தில் மாணவர்களிடம் ஓயாமல் சொன்னது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இன்று படத்தின் அளவை மட்டும் குறைத்தேன்.

ஊசியைப் பற்றியும் குறிக்க வேண்டும். சலோமிக்குக் காலையும் மாலையும் இன்சுலின். இதுவரை வயிற்றில்தான் போட்டேன். போடும்போது அவள் தன் இடது கையை என் மணிக்கட்டின் மேல் வைத்துக்கொள்வாள். கேமரா வந்தபிறகு சேலையை விலக்குவது சரியாகப் படவில்லை. மாப்பிள்ளையும் பார்க்கக்கூடும். இன்றிலிருந்து இடது மேல்கையில் போடுகிறேன்.

அக்டோபர் 11, சனி

இன்னும் உறைகிறது. தகவலின் அளவைப் பாதியாக்கினேன். முகங்கள் மெழுகு போல ஆகிவிட்டன. அதை மறுபடி உயர்த்திவிட்டு, நொடிக்கு எத்தனை படம் என்பதைப் பன்னிரண்டாக்கினேன். பரவாயில்லை.

டேப்பில், அதாவது என் டேப்லட் திரையில், பார்த்தால் மின்விசிறி மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றுகிறது. மேலே பார்த்தால் சரியாகத்தான் ஓடுகிறது. முதலாண்டு மாணவனுக்குத் தெரிந்த விஷயம்தான். சுழலும் தட்டில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, அது சுற்றும் வேகத்துக்குச் சரியாக விளக்கை விட்டுவிட்டு எரியவிட்டால் கோடு அசையாமல் நிற்பது போலத் தெரியும். அந்தச் சோதனையைச் செய்துகாட்டும்போது வகுப்பில் பின்பெஞ்சுகூட அமைதியாகிவிடும். தட்டு ஓடுவதை நிறுத்தவில்லை, நாம்தான் அது அசையும் நேரங்களைப் பார்க்காமல் விடுகிறோம் என்று விளக்குவேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஐந்து ஆக்கினேன். உறைவது முற்றிலும் நின்றுவிட்டது.

ஐந்தில் எல்லாமே அமைதியாக இருக்கிறது. நான் சலோமிக்குக் கஞ்சி ஊட்டியதைப் பிறகு டேப்பில் போட்டுப் பார்த்தேன். நன்றாக இருந்தது. யாரோ பொறுப்பான ஒருவர் ஊட்டுவது போல இருந்தது.

பியூலா அழைத்தாள். "இப்ப சூப்பரா வருதுப்பா. நீங்க ஊட்டும்போது அம்மா ஒங்க கையப் பிடிச்சுக்கிட்டே சாப்பிடுதாங்க. நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து இவருக்கு அனுப்பினேன். நாப்பது வருஷம் கழிச்சு நாமளும் இப்படி இருப்போமான்னு கேட்டேன். மனுஷன் மீட்டிங்ல இருக்கேன்னு பதில் போடுதாரு."

நான் சிரித்தேன். அம்மா ஏன் கையைப் பிடிக்கிறாள் என்று அவள் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்வது என் வழக்கமில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

ஆராதனைக்குப் போனேன். திருவிருந்துக்கு எழுந்து போகவில்லை. தொண்டை சரியில்லை, எல்லாரும் குடிக்கும் பாத்திரத்தில் வாய் வைப்பது நியாயமல்ல. போன மாதமும் தொண்டை சரியில்லை. போதகர் ஐயர் வாசலில் நின்று "என்ன சார், உடம்புக்கு ஆகலையா?" என்று கை கொடுக்க வந்தார். நான் குடையைப் பிடித்திருந்த கையையே நீட்டிவிட்டேன்.

இந்தப் பேனா சரியில்லை. எழுத்து வரவரச் சிறுத்துப்போகிறது. வேறு வாங்க வேண்டும்.

அக்டோபர் 23, வியாழன்

இசக்கியம்மாள் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் காபி டம்ளரோடு அந்தப் பக்கம் வந்தேன்.

"சாரு, ஒங்க கை ஆடுது."

"காபி கூடிப்போச்சு. அதனாலதான்."

"காப்பி நானுந்தான் குடிக்கேன். எங்கையி என்ன கரகாட்டமா ஆடுது?"

நான் டம்ளரை மேசையில் வைத்தேன். அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. துணியை டம்ளரைச் சுற்றிக் கொண்டுபோய், சிந்தியிருந்ததையும் சேர்த்துத் துடைத்தாள்.

"டாக்டர்ட்ட காட்டுனா என்ன? கைய வெட்டியா எடுத்துருவாரு?"

"காட்டலாம். மழை விடட்டும்."

"மழைக்கும் ஒங்க கைக்கும் என்ன சார் சம்பந்தம்" என்றாள். பிறகு சலோமியைப் பார்த்து, "நீங்களாவது சொல்லப்பிடாதாம்மா? ஆமா, நீங்க எங்க சொல்ல" என்றாள். சலோமி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துவைத்தேன்.

பியூலாவிடம் சொல்லிவிடுவாளோ என்று நாள் முழுக்க யோசனை. பாத்திரம் விழுந்ததைச் சொன்னவள்தானே.

அக்டோபர் 28, செவ்வாய்

பியூலாவின் கைபேசியில் ஹெச்டி என்று ஒரு பொத்தான் இருக்கிறதாம். அதை அழுத்தினால் தெளிவான ஓட்டத்தையே பார்க்கலாமாம். இன்று கொஞ்ச நேரம் அப்படிப் பார்த்திருக்கிறாள். "அம்மாவோட நெத்தி வேர்வகூடத் தெரியுதுப்பா" என்றாள்.

கொஞ்ச நேரம் என்றால் எந்த நேரம் என்று கேட்டேன். அம்மா தூங்கும்போது என்றாள்.

இருபத்தைந்து படம் வீதம் பதிவானால் அட்டை சீக்கிரம் நிறைந்து பழைய பதிவுகள் அழிந்துபோகும். இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். மெயின் ஸ்ட்ரீமையும் ஐந்தாக்கினேன். தகவலின் அளவையும் குறைத்தேன். ஒரு நேரத்தில் ஒன்று என்ற விதியை இன்று கடைப்பிடிக்கவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

மழை. ஆலயத்துக்குப் போகவில்லை.

நவம்பர் 6, வியாழன்

"அப்பா, சாப்பாட்டு நேரத்துல மட்டும் டக் டக்னு ஒரு சத்தம் கேக்கே, அது என்ன?" என்றாள் பியூலா.

படத்தோடு ஒலியும் போகிறது என்பதை மறந்தேபோயிருந்தேன். மாடி ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, கீழே தகரம் கிடக்கிறது என்றேன். மழைக்காலம்; அவள் நம்பினாள். "யாரையாவது விட்டு அந்தத் தகரத்த எடுத்துப் போடச் சொல்லுங்க. நீங்க மழையில எறங்காதீங்க" என்றாள்.

எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்துவைத்துவிட்டு பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றைக் கழுவி எடுத்தேன். கரண்டியும் பிளாஸ்டிக். பிறகு அமைப்புகளுக்குப் போய் ஒலியை அணைத்தேன். ஒலியை அணைத்தால் படம் இன்னும் சீராகப் போகும்.

மாலையில் கஞ்சியைப் புதுக் கிண்ணத்தில் கொண்டுபோனதும் சலோமி அதைப் பார்த்தாள். பிறகு கேமராவைப் பார்த்தாள். பிறகு வழக்கம்போல இடது கையை உயர்த்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்துக்கொண்டால் கரண்டி நேராகப் போகிறது. முன்பெல்லாம் லேசாகப் பிடிப்பாள். இப்போது விரல் தடம் பதிகிறது.

நவம்பர் 12, புதன்

சோதனை. கேமராவுக்கு முன்னால் ஒரு பொருளைப் பிடித்து, டேப்பில் பார்த்தேன்.

நொடிக்கு இருபத்தைந்து படம்: பொருள் அசைவது தெளிவாகத் தெரிகிறது.
பன்னிரண்டு: தெரிகிறது.
ஆறு: நீருக்குள் இருப்பது போல மெதுவாக மிதக்கிறது.
ஐந்து: ஏறக்குறைய நிற்கிறது.
நான்கு: மறுபடி அசைகிறது, எதிர்ப்பக்கமாக.

அப்படியானால் பொருளின் அதிர்வு நொடிக்கு ஐந்துக்கு மிக அருகில் இருக்க வேண்டும். கோடைக்காலத்தைவிட இப்போது ஒழுங்காக இருக்கிறது. ஐந்தையே வைத்துக்கொள்கிறேன்.

முடித்துவிட்டுத் திரும்பினால் சலோமி பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. தண்ணி வேண்டுமா என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள்.

நவம்பர் 19, புதன்

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுத முயல்கிறேன்.

நேற்றுக் காலை இசக்கியம்மாள் வருவதற்கு முன், வழக்கம்போல இன்சுலின் பேனாவில் பதினான்கு யூனிட் வைத்தேன். இடது மேல்கை. அந்தக் கையில் போடும்போது அவளால் என்னைப் பிடித்துக்கொள்ள முடியாது. ஊசி உள்ளே போனது. பொத்தானை அழுத்தினேன். அழுத்தும்போதா, அதற்கு முன்பா தெரியவில்லை, ஊசி வெளியே வந்துவிட்டது. அவள் கையில் ஈரம். பேனாவில் அளவு பூஜ்யத்துக்கு வந்திருந்தது. மருந்து உள்ளே போனதா, தோலின் மேல் கொட்டியதா?

சந்தேகம் இருந்தால் மறுபடி போடக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லியிருக்கிறார். எனக்கு எதிலும் சந்தேகம்தான். வாசல் கதவைப் பூட்டினேனா என்பதில்கூட. ஆனால் இம்முறை சாட்சி இருந்தது. டேப்பை எடுத்துப் பதிவைப் போட்டுப் பார்த்தேன். ஒரு படத்தில் ஊசி அவள் கையில் இருக்கிறது, என் கட்டைவிரல் பொத்தானின் மேல் மடங்காமல் இருக்கிறது. அடுத்த படத்தில் ஊசி வெளியே இருக்கிறது, விரல் பொத்தானை அழுத்தியிருக்கிறது. முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தேன். கை ஆடவே இல்லை. அவ்வளவு தெளிவாக இருந்தது. மருந்து வெளியேதான் கொட்டியிருக்கிறது என்று முடிவு செய்தேன். வாழ்க்கையில் இவ்வளவு உறுதியாக நான் எதையும் முடிவு செய்ததில்லை.

புது ஊசி மாட்டி இன்னொரு பதினான்கு போட்டேன். கஞ்சி கொடுத்தேன். பாதியில் போதும் என்றாள்.

அவளைக் குளிப்பாட்டிவிட்டுத் துணி துவைக்கப் போன இசக்கியம்மாள் திரும்பி வந்து, "சார், இங்க வாங்க. அம்மைக்கு மேலு பூரா வேர்த்துக் கொட்டுது. கூப்பிட்டா கேக்கல" என்றாள்.

கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்தேன். பட்டையை அதன் துளையில் செருக முடியவில்லை. செருகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இசக்கியம்மாள் அதை என் கையிலிருந்து வாங்கித் தள்ளிவைத்தாள். "இதெல்லாம் பெறவு பாக்கலாம்" என்று உள்ளே போய்ச் சீனியைத் தண்ணீரில் குழைத்து எடுத்துவந்து சலோமியின் கன்னத்தின் உள்ளே விரலால் தடவினாள். மறுபடி மறுபடி தடவினாள். "ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க. பேசவாவது செய்வியளா மாட்டியளா?" என்றாள். பேசினேன். முகவரியைச் சரியாகச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியபிறகு சாயங்காலம் நினைவு திரும்பியது. என் பெயரைச் சொன்னாள்.

இளம் மருத்துவர் கேட்டார்: "காலையில எவ்வளவு போட்டீங்க?"

பதினான்கு என்றேன். அது பொய்யல்ல. இன்னொரு பதினான்கைப் பற்றி அவர் கேட்கவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். சலோமி களைத்திருக்கிறாள். முன்பு சொன்ன சொற்களில் தண்ணி என்பது இன்னும் திரும்பி வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைப் பார்க்கிறாள்.

ஜன்னல் திண்டில், கம்பிக்குப் பக்கத்தில், இரண்டு ஊசி மூடிகள் வைக்கப்பட்டிருந்தன. ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக. அன்று காலை குப்பைக்கூடையில் நான் போட்டவை. இசக்கியம்மாள் வேலையை முடித்துவிட்டுப் போனாள். போகும்போது "வாரேன்" என்று சலோமியிடம் மட்டும் சொன்னாள்.

மூடிகளை எடுத்து எறியவில்லை. அங்கேயே இருக்கின்றன.

நவம்பர் 24, திங்கள்

பியூலா நீண்ட நேரம் பேசினாள்.

"அப்பா, நான் அன்னைக்குக் காலைல உள்ள ரெக்கார்டிங் பூரா பாத்தேன். கேக்கதுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா பாத்தேன். ஒங்க மேல ஒரு சந்தேகம் இருந்துச்சு."

நான் ஜன்னல் திண்டில் இருந்த மூடிகளைப் பார்த்தேன்.

"நீங்க ஒரு தப்பும் பண்ணல. மொத ஊசி சரியா இறங்கலன்னு ரெண்டாவது எடுத்தீங்க. நிதானமா, கை ஆடாம. எனக்கே அவ்வளவு நிதானம் வராது. அம்மா அன்னைக்கு ஒழுங்காச் சாப்பிடல, அதான் சுகர் இறங்கிருச்சு. வெந்நீர் விஷயத்துல நான்தான் ரொம்பப் பேசிட்டேன். இசக்கியம்மா சொன்னதக் கேட்டு… சரி, விடுங்க. இல்லத்துக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். நீங்க ரெண்டு பேரும் அங்கயே இருங்க."

"சரி" என்றேன்.

"சந்தோஷமாப்பா?"

"சந்தோஷம்மா."

வேண்டிக்கொண்டது கிடைத்திருக்கிறது. குடும்ப ஜெபத்தில் நன்றி சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. வேதாகமத்தைத் திறந்து, படிக்காமல் மூடிவைத்தேன்.

நவம்பர் 27, வியாழன்

இன்று காலை நான் இன்சுலின் பேனாவை எடுத்து வரும் முன்பே, சலோமி தன் ரவிக்கைக் கையைப் பல்லால் இழுத்து மேலே ஏற்றி வைத்திருந்தாள். நான் குனிந்ததும் கண்களை மூடிக்கொண்டாள்.

இதற்கு முன் மூடியதில்லை. எப்போதும் நான் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

நவம்பர் 28, வெள்ளி

காலையில் கேமராவின் பக்கத்தைத் திறந்தேன். மெயின் ஸ்ட்ரீம்: படத்தின் அளவு முழுமை. தகவல் அதிகபட்சம். நொடிக்கு இருபத்தைந்து. சப் ஸ்ட்ரீமுக்கும் அதே. ஒலி உண்டு. ஒவ்வொன்றையும் சேமித்தேன். சேமித்துவிட்டேனா என்று மறுபடி போய்ப் பார்க்கவில்லை.

பியூலாவை அழைத்தேன். அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"கேமராவப் பாரும்மா. ஹெச்டியில பாரு."

"ஏன்ப்பா, அம்மாவுக்கு என்ன?"

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. பாரு."

கைபேசியைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கேமராவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். வலது கையை நீட்டினேன். மடியில் ஊன்றாமல், இன்னொரு கையால் பிடிக்காமல். வகுப்பில் செய்துகாட்டுவது போல.

"தெரியுதா?"

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு, "எப்ப இருந்துப்பா?" என்றாள்.

"போன வருஷம் கிறிஸ்மஸுக்கு முன்னால."

"நான் வந்திருந்தேனே அப்பா. பத்து நாள் இருந்தேனே."

"பாக்கெட்ல வச்சுக்கிட்டேன்."

அவள் பக்கத்தில் லிஃப்ட் திறக்கும் ஓசை கேட்டது, மூடும் ஓசை கேட்டது. அவள் ஏறவில்லை.

"அன்னைக்குக் காலைல…" என்று தொடங்கினாள்.

"ரெண்டு தடவையும் உள்ள போயிருக்கு. மொத தடவ போகலன்னு ரெக்கார்டிங்கப் பாத்துத்தான் முடிவு பண்ணினேன். அது நான் கொறச்சு வச்ச படம். கொறைச்சா கை ஆடறது தெரியாது. அதுக்காகத்தான் கொறச்சேன். நெட் மெதுவா இருக்குன்னு இல்ல."

"கையக் கீழ போடுங்கப்பா."

"இன்னும் கொஞ்சம் பாரு. சில சமயம் நிக்கிற மாதிரி இருக்கும். நிக்காது."

"அப்பா, ப்ளீஸ். கையக் கீழ போடுங்க."

கை வலித்தது. ஆனால் போடத் தோன்றவில்லை. இவ்வளவு மாதமாக மறைத்துவைத்திருந்ததை இவ்வளவு சீக்கிரம் எடுத்துவிடுவது நியாயமாகப் படவில்லை.

பின்னாலிருந்து சலோமி, "போதும்" என்றாள்.

கஞ்சி போதும் என்பதற்குச் சொல்லும் அதே குரல். ஒலி அமைப்பு சரியாக வேலை செய்தது. புனேயில் பியூலாவுக்கும் கேட்டிருக்கிறது. அவள் அழத் தொடங்கினாள்.

டிசம்பர் 13, சனி

பியூலா வந்திருந்தாள். சலோமியை இல்லத்தில் சேர்த்துவிட்டோம். நல்ல இடம். சுத்தமாக இருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஜன்னல். வாசலில் ஒரு சிஸ்டர், "ஆண்கள் இதுக்கு மேல வர அனுமதி இல்ல சார், இன்னைக்கு மட்டும் போங்க" என்றார். இன்றைக்கு மட்டும் போனேன்.

சலோமி என் பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டு இடது கையை உயர்த்தி என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் எதையும் ஊட்டிக்கொண்டிருக்கவில்லை. கையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் பிடித்துக்கொண்டாள்.

காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது இசக்கியம்மாள் வழியனுப்ப வந்திருந்தாள். வேனில் சலோமியின் தலையணையைச் சரிசெய்துவிட்டு இறங்கி, "இப்பவாவது சொன்னியளே" என்றாள் என்னிடம். கோபமாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியவில்லை.

கொம்பையா வந்து இரண்டு கேமராக்களையும் கழற்றிக்கொண்டு போனார். சுவரில் நான்கு துளைகள்.

டிசம்பர் 23, செவ்வாய். புனே

இங்கே மருத்துவர் நோய்க்குப் பெயர் சொன்னார். மாத்திரை கொடுத்திருக்கிறார். காலையில் சாப்பிட்டால் மதியம்வரை கை அடங்கியிருக்கிறது. இன்று காபியைச் சிந்தாமல் குடித்தேன். பியூலா பார்த்தும் பார்க்காதது போல இருந்தாள். இந்த மாத்திரை போன வருடமே கிடைத்திருக்கும்.

இல்லத்தில் வார்டுக்கு ஒரு கேமரா உண்டு. மாலையில் சாப்பாட்டு நேரத்தில் உறவினர்கள் பார்க்கலாம். பியூலா டேப்பில் போட்டுக் கொடுத்தாள். பல கட்டில்கள் தெரிகின்றன. சலோமியுடையது இடது ஓரம். தரம் குறைவு. நொடிக்கு ஐந்து படம் இருக்கலாம், அதற்கும் குறைவாக இருக்கலாம். அவர்களுக்கும் இணையம் மெதுவாக இருக்கும். கூட்டிவைக்க முடியுமா என்று எழுதிக் கேட்கலாமா என்று யோசிக்கிறேன். பியூலா கேட்கச் சொல்கிறாள்.

பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் ஊட்டிவிடுகிறாள். இளவயது. கை நன்றாக நிலையாக இருக்கிறது. ஒரு படத்தில் சலோமியின் இடது கை உயர்ந்து அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது. அடுத்த படத்தில் அந்தக் கை போர்வையின் மேல் கிடக்கிறது.

இடையில் என்ன நடந்தது என்பது வரவில்லை.